முயன்று பெறுவதல்ல கிருபை

1736 ஜனவரி 25. அட்லாண்டிக் சமுத்திரத்தில் ‘சிம்மண்ட்ஸ்’ என்ற கப்பல் அமெரிக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அன்று மாலை புயல் உக்கிரமடைந்தது. பிரதான பாய் கிழிந்தது. அலை கப்பலையே மூடுவது போல எழுந்து, தளங்களுக்கு நடுவே தண்ணீரைக் கொட்டியது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள்.

அதே கப்பலில் மொரேவியச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர் சிலர் இருந்தனர். அவர்கள் அப்போது ஆராதனையில் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு பாட்டைத் தொடர்ந்தார்கள்.

இதை வியப்போடு கவனித்தார் 32 வயது ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவர். புயல் ஓய்ந்த பின் அவர்களில் ஒருவரிடம் சென்று, பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமா பயமில்லை? அவர்களுக்கும் சாவைப் பற்றிய அச்சம் இல்லை என்று சாந்தமாகப் பதில் வந்தது.

பாதிரியாருக்கோ அச்சம் இருந்தது. அவர்தான் ஜான் வெஸ்லி; பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்.

நாழிகைக் கணக்கு

வெஸ்லி பக்தியில் குறை வைத்தவரல்லர். ஆக்ஸ்போர்டில் அவரும் அவர் தம்பி சார்லஸும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு குழுவாக வாழ்ந்தனர். புதன், வெள்ளிக் கிழமைகளில் உபவாசம், தவறாமல் திருவிருந்து, சிறைக்கைதிகளைச் சந்திப்பது, ஏழைகளுக்கு உதவி. ஒவ்வொரு மணி நேரத்தையும் எப்படிச் செலவழித்தோம் என்று நாட்குறிப்பில் கணக்கு எழுதுவார். இப்படி எல்லாவற்றையும் முறை வைத்துச் செய்ததால் சக மாணவர்கள் கேலியாகச் சூட்டிய பட்டமே ‘மெதடிஸ்ட்’.

கணக்கு சரியாக இருந்தது. மனத்தில் சமாதானம்தான் இல்லை. இன்னும் கொஞ்சம் ஜெபித்தால், இன்னும் கொஞ்சம் ஒறுத்தால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று எண்ணினார். அந்த ‘இன்னும் கொஞ்ச’த்துக்கு முடிவே இல்லை.

தரங்கம்பாடியின் பங்கு

வெஸ்லியின் கதையில் நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், புளுட்சோ ஆகிய மிஷனரிகளின் ஊழியம் பற்றிய வரலாறு ஆங்கிலத்தில் வெளியாகியிருந்தது. எப்வொர்த் கிராமத்தில் வெஸ்லியின் தாயார் சூசன்னா அதை வாசித்து உள்ளம் உருகினார். தாம் மிஷனரி அல்லாவிட்டாலும் தம்மால் ஆனதைச் செய்யலாமே என்று எண்ணினார். கணவர் லண்டன் சென்றிருந்த சமயத்தில் ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் நடத்திய குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் திரண்டு வந்தனர்; கூட்டம் 200 பேரை எட்டியது. இது 1712-ஐ ஒட்டி நடந்தது. ஜானுக்கு அப்போது எட்டு வயது.

வெறுங்கையோடு

அமெரிக்காவில் ஜார்ஜியாவை அடைந்ததும் மொரேவியத் தலைவர் ஸ்பாங்கன்பெர்க் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: இயேசு கிறிஸ்துவை அறிவீரா? அவர் உலக இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. அது சரி, உம்மை இரட்சித்திருக்கிறார் என்று அறிவீரா? வெஸ்லி ஒருவாறு பதில் சொன்னார். ஆனால் அது வெறும் வார்த்தைதான் என்று அவருக்கே அச்சமாயிருந்தது.

செவ்விந்தியருக்குப் போதிக்கச் சென்றவர் குடியேறியவர்களோடு பிணங்கி, வழக்கில் சிக்கி, 1737 டிசம்பரில் ஊர் திரும்பக் கப்பலேறினார். பிறரை மனந்திருப்பப் போன தாமே இன்னும் மனந்திரும்பவில்லை என்று நொந்து எழுதினார்.

லண்டனில் பீட்டர் போலர் என்ற இளம் மொரேவியர் அவரோடு பலமுறை பேசினார். விசுவாசம் உழைத்துச் சம்பாதிப்பதல்ல, தேவன் இலவசமாகக் கொடுப்பது என்பதே அவர் சொன்னதன் சாரம்.

1738 மே 24 மாலை. மனமில்லாமலே ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்குப் போனார் வெஸ்லி. ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதாவதற்குக் கால் மணி இருக்கும். விசுவாசத்தின் மூலம் தேவன் உள்ளத்தில் செய்யும் மாற்றத்தை விவரிக்கும் பகுதி வந்தது. வெஸ்லியின் நெஞ்சில் இனம்புரியாத அனல் பரவியது. கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறோம், தம் பாவங்களையும் அவர் நீக்கிவிட்டார் என்ற உறுதி பிறந்தது.

சும்மா இருப்பதா?

அப்படியானால் ஜெபம், உபவாசம் எல்லாம் வேண்டாமா? இந்தக் கேள்வி அன்றே எழுந்தது. பூரண விசுவாசம் வரும்வரை வேத வாசிப்பையும் திருவிருந்தையும்கூட விட்டுவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும் என்று லண்டன் பெட்டர் லேன் சங்கத்தில் சிலர் போதித்தனர். வெஸ்லி இதை ஏற்கவில்லை. 1740 ஜூலையில் அந்தச் சங்கத்தை விட்டே விலகினார்.

ஜெபமும் வேதமும் கிருபை பாயும் வாய்க்கால்கள் என்பது அவர் கருத்து. ஏரிக்கு வரத்து வாய்க்காலைத் தூர் வாரி வைப்பது நம் வேலை. அதற்காக மழையை நாமே பெய்வித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியுமா?

இன்னொன்றையும் மறைக்கலாகாது. ஆல்டர்ஸ்கேட் அனுபவத்துக்குப் பிறகும் வெஸ்லிக்குச் சந்தேகங்கள் வந்தன. 1739 ஜனவரியில், தாம் கிறிஸ்தவன்தானா என்றே மறுபடி ஐயுற்று எழுதினார். ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடவில்லை. வளர்ச்சிக்கும் கிருபையே தேவைப்பட்டது.

அதே உழைப்பு, வேறு காரணம்

வெஸ்லி அதற்குப் பிறகும் அதிகாலை நான்கு மணிக்கே எழுந்தார். 1739 ஏப்ரலில் பிரிஸ்டல் அருகே திறந்த வெளியில் ஏழை எளியோருக்குப் பிரசங்கிக்கத் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் ஊர் ஊராக அலைந்தார். 1791 பிப்ரவரி 24-ல், சாவுப் படுக்கைக்குப் போகும் தறுவாயிலும், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்ஸுக்கு ஊக்கமூட்டிக் கடிதம் எழுதினார். மார்ச் 2-ல் தமது 87-ஆம் வயதில் மறைந்தார். முன்பு ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமே என்று உழைத்தவர், பின்பு ஏற்றுக்கொள்ளப்பட்டோம் என்ற நன்றியால் உழைத்தார்.

அவர் வழிவந்தவர்கள் 1817-ல் சென்னையில் ஊழியம் தொடங்கினர். அச்சபையினர் 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தனர்.

ஊரை விட்டு வந்து, ஷிப்ட் வேலையிலும் பஸ் நெரிசலிலும் நாளைக் கழிக்கும் நம்மில் பலருக்கு வெஸ்லியின் பழைய கணக்குப் புத்தகம் புதிதல்ல. லெந்து நாட்களில் எத்தனை உபவாசம் தவறியது, எத்தனை நாள் வேதம் திறக்கவில்லை என்று எண்ணி எண்ணி, ஆண்டவர் முன் நிற்கவே கூசுகிறோம். எந்தக் குழந்தையும் வளர வேண்டுமென்று முயன்று வளர்வதில்லை. தாய் ஊட்டுகிறாள், வாய் திறந்து வாங்கிக்கொள்கிறது, வளர்கிறது. விட்டுப்போன நாட்களின் கணக்கை மூடிவைத்துவிட்டு, இன்று கிடைக்கும் பத்து நிமிடத்தில் வாய் திறந்தால் போதும்.