வலிமைக்கு உவமை, உணர்ச்சிக்கு மெய்ப்பாடு: ஆங்கில, தமிழ் மரபுத்தொடர்கள் – விழுப்புரம், திண்டிவனம் வட்டார வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வலிமையையும் மிகுந்த உணர்ச்சியையும் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் நேரிணை தேடும் வழக்கம் கல்வி நிலையங்களில் பரவலாக உள்ளது. வலிமைத் தொடர்கள் பெரும்பாலும் உவமையின் வழியே அமைவதால் மொழி கடந்து எளிதில் செல்கின்றன. உணர்ச்சித் தொடர்களோ மெய்ப்பாட்டின் வழியே, அஃதாவது உடலின் வழியே அமைவதால் அவ்வாறு செல்வதில்லை. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் பேச்சு வழக்கையும் கூத்து மரபையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வேறுபாட்டை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், உவமை, மெய்ப்பாடு, வயிறு, தலைவிரி கோலம், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழ்த் தொடர்களையும் ஆங்கிலத் தொடர்களையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும் முயற்சி புதியதன்று. பீட்டர் பெர்சிவல் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874இல் வெளியிட்டார். இன்று அம்முயற்சி திசை மாறியுள்ளது. போட்டித் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் மாணவர்கள், ஆங்கிலத் தொடரை இடப்பக்கமும் தமிழ் இணையை வலப்பக்கமும் எழுதி மனப்பாடம் செய்கின்றனர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தோர் பலர் ஆங்கிலத்தைக் கற்பது இவ்வகைப் பட்டியல்களின் வழியாகத்தான். பட்டியல் எங்கே துணை செய்கிறது, எங்கே தவறச் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

இதற்கு விடை காணத் தொல்காப்பியப் பொருளதிகாரம் கருவியாகக் கொள்ளப்படுகிறது. அதன் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். ஏழாம் இயல் உவமவியல். உள்ளத்து நிகழ்வு உடலின்கண் புலப்படுவதை முன்னது பேசுகிறது. ஒரு பொருளைப் பிறிதொரு பொருளோடு ஒப்பிட்டு உணர்த்துவதைப் பின்னது பேசுகிறது. இவ்விரு நெறிகளும் மரபுத்தொடர்களைப் பகுத்தறிய இன்றும் பயன்படுகின்றன.

வலிமைத் தொடர்களும் உவமை நெறியும்

ஆங்கிலத்தில் உடல் வலிமை மிக்கவனை எருதுக்கும் குதிரைக்கும் ஒப்பிடுவர். மனத்திண்மை உடையவனை ஆணிக்கு ஒப்பிடுவர். துன்பக் காலத்தில் துணை நிற்பவரைக் கோபுரம் என்பர். தமிழில் யானை பலம் என்கிறோம். அசையாது தாங்குபவரைத் தூண் என்கிறோம். ஒப்பிடப்படும் பொருள் வேறுபடினும் ஒப்பிடும் முறை ஒன்றே. கேட்பவர் அப்பொருளைக் கண்ணால் கண்டிருந்தால் போதும். தொடரின் கருத்து விளங்கிவிடும்.

இதனாலேயே வலிமைத் தொடர்கள் எளிதில் குடிபெயர்கின்றன. 'இரும்புக்கரம் கொண்டு அடக்குதல்' என்பது ஆங்கிலத் தொடரின் தாக்கத்தால் இதழியல் தமிழில் பரவியது. கை ஓங்குதல், கைக்குள் போட்டுக்கொள்ளுதல் எனக் கையை அதிகாரத்தோடு இணைத்துப் பேசும் வழக்கம் தமிழில் முன்பே இருந்தமையால் அது அயலாகத் தோன்றவில்லை. குதிரைத்திறன் என்னும் சொல்லும் இத்தகையதே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிப் பொறியின் ஆற்றலைக் குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டு ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு அது. ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். இன்று திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மல்லாட்டைக்கு நீர் பாய்ச்சும் உழவர் 'அஞ்சு ஹெச்பி மோட்டார்' என்று சொல்லும்போது, ஓர் ஆங்கில உவமை எவ்வித இடர்ப்பாடுமின்றி வயலுக்குள் வந்து சேர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

உணர்ச்சித் தொடர்களும் மெய்ப்பாட்டு நெறியும்

உணர்ச்சிக்கு வரும்போது நிலை மாறுகிறது. இன்றைய ஆங்கிலம் துயரம், அன்பு, இரக்கம் ஆகியவற்றைப் பெரும்பாலும் இதயத்தில் வைக்கிறது. தமிழ் அவற்றை உடலெங்கும் பகிர்ந்து வைத்திருக்கிறது. துணிவு நெஞ்சில் இருக்கிறது: நெஞ்சுரம், நெஞ்சழுத்தம். பேரச்சம் ஈரக்குலையில் இருக்கிறது. புகழ்ச்சியால் வரும் மகிழ்ச்சி உச்சியைக் குளிர்விக்கிறது. சினம் கண்ணைச் சிவக்க வைக்கிறது. உதட்டைத் துடிக்க வைக்கிறது.

இவற்றுள் மிகுதியான பொறுப்பைச் சுமப்பது வயிறு. நற்செய்தி வயிற்றில் பால் வார்க்கிறது. தீச்செய்தி வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிறர் பிழைப்பைக் கெடுப்பது வயிற்றில் அடிப்பது. பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பிய தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். 'வயிற்றெரிச்சல்' என்றால் பொறாமை. 'அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே' என்றாலோ தீங்குற்றவரின் சாபத்துக்கு ஆளாகாதே என்பது பொருள். ஒரே சொல் பொறாமைக்காரரின் குறையையும் தீங்குற்றவரின் வலிமையையும் சுட்டுகிறது. எப்பொருளில் வருகிறது என்பதை, யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதே முடிவு செய்கிறது.

ஆங்கிலத்தில் ஹார்ட்பர்ன் என்னும் சொல் உண்டு. அது நெஞ்செரிச்சல் என்னும் நோயையும் மனக்கசப்பையும் குறிக்கும். ஆனால் தீங்குற்ற தாயின் சாபம் அதில் இல்லை. அடிவயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதாகக் கூறும் ஆங்கிலத் தொடருக்கு வயிற்றில் புளியைக் கரைப்பதை இணையாகத் தருவதும் பொருந்தாது. முன்னது மேடை ஏறுமுன் வரும் படபடப்பு. பின்னது கேடு வந்துவிட்டதோ என்னும் திகில்.

இவ்வேறுபாட்டை இரு மொழிகளின் நிலையான இயல்பு என்று கொள்ளலாகாது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இரக்கத்தின் உறைவிடமாகக் குடலைப் பல இடங்களில் குறித்தது. பிற்கால ஆங்கிலம் அவ்விடத்தை இதயத்துக்குக் கொடுத்துவிட்டது. தமிழிலும் இன்று 'இதயம் நொறுங்கியது' என்று எழுதுவோர் பெருகி வருகின்றனர். உணர்ச்சியின் உறைவிடம் காலத்தோடு இடம்பெயரக்கூடியது.

கூத்துக் களத்தில் கூந்தல்

செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் வழிபாட்டின் முதன்மைத் தலமாகக் கருதப்படுவது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பே இவ்வழிபாட்டைச் செஞ்சியிலிருந்து தொடங்குகிறது. இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கதை சொல்லப்படுகிறது. இரவில் தெருக்கூத்து நிகழ்கிறது. முடிவில் படுகளம் நடைபெறுகிறது. மண்ணால் செய்த துரியோதனன் உருவம் நிலத்தில் கிடக்க, வீமன் அதன் தொடையில் அடிக்கிறான். அதன் பின்னரே திரௌபதி விரித்த கூந்தலை முடிக்கிறாள்.

தலைவிரி கோலம் என்னும் தொடரின் முழுப் பொருளும் இக்களத்தில் கண்முன் நிற்கிறது. அவமானம், துயரம், சினம், சூளுரை ஆகிய நான்கும் அவிழ்ந்த கூந்தலில் அடங்கியுள்ளன. ஆங்கிலத்திலும் கூந்தலை அவிழ்த்து விடுவதாக ஒரு மரபுத்தொடர் உண்டு: 'லெட் யுவர் ஹேர் டவுன்'. அதன் பொருள் கட்டுப்பாடு தளர்ந்து களித்திருத்தல். செயல் ஒன்றே, மெய்ப்பாடு நேர்மாறானது. படுகளத்தைப் பார்த்து வளர்ந்த மாணவி இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் புரிந்துகொண்டால் ஆங்கிலேயர் மகிழ்ந்திருக்கும் இடத்தில் அவள் ஓலத்தைக் கேட்பாள். அது அவளது அறியாமை ஆகாது. அவளுடைய மொழி அச்செயலுக்கு வேறு பொருள் கற்பித்திருக்கிறது.

தவறும் இணையின் விளைவு

இச்சிக்கல் தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. மகனை இழந்த பெண்ணொருவர் ஒரு மருத்துவமனையில் 'பெத்த வயிறு எரியுதுங்க' என்று சொன்னதைக் கட்டுரையாளர் அருகிலிருந்து கேட்க நேர்ந்தது. தமிழ் அறியாத மருத்துவருக்கு உடனிருந்தவர் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். சீட்டில் எழுதப்பட்டது அமில முறிவு மாத்திரை. பெயர்த்துச் சொன்னவர் கூறிய ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. மெய்ப்பாடு உடல்நோயாகக் கொள்ளப்பட்டதே பிழை. உறக்கம் உண்டா, உடன் யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டிய இடத்தில், உணவுக்கு முன்பா பின்பா என்பதே பேச்சாயிற்று.

இதன் மறுதலையும் உண்மை. வயிற்றில் உண்மையாகவே புண் உள்ளவர் கூறுவதை மனக்குறை என்று தள்ளிவிடவும் கூடும். இரண்டையும் பிரித்தறிய அகராதியின் ஒற்றைச் சொல் இணை போதாது. சொல்பவரின் உறவும் சூழலும் தெரிய வேண்டும்.

முடிவுகள்

1. வலிமைத் தொடர்கள் உவமை நெறியில் அமைந்து புறப்பொருளைச் சார்வதால், அவற்றுக்கு இணைப் பட்டியல் பெரும்பாலும் போதுமானது.

2. உணர்ச்சித் தொடர்கள் மெய்ப்பாட்டு நெறியில் அமைந்து உடலுறுப்பையும் உறவையும் சார்கின்றன. அவற்றுக்குச் சொல்லிணை தருவது தவறான பொருளுக்கு இட்டுச்செல்லும்.

3. எல்லை எப்போதும் கூர்மையானதன்று. இரத்தம் கொதித்தல், பல்லைக் கடித்துக்கொள்ளுதல் போன்றவை இரு மொழிக்கும் ஏறத்தாழப் பொதுவானவை. தொல்காப்பியம் பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தறுகண்மையைக் கொள்வதால், மனவலிமை மெய்ப்பாட்டுக்குள்ளும் இடம்பெறுகிறது.

4. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களோடு பொருள் தந்தது. இருமொழிப் பட்டியல்களும் அவ்வாறு அமைவதோடு, உணர்ச்சித் தொடர் ஒவ்வொன்றுக்கும் யார் சொல்வது, யாரைப் பற்றிச் சொல்வது, எந்நிகழ்வுக்குப் பின் சொல்வது என்னும் மூன்று குறிப்புகளைச் சேர்த்தல் வேண்டும்.

நிறைவுரை

மாணவர் தம் ஊரில் கேட்ட தொடர்களை இம்மூன்று குறிப்புகளுடன் தாமே தொகுத்து, அதன்பின் ஆங்கிலத் தொடரோடு ஒப்பிடுவது பயனுள்ள வகுப்பறைப் பயிற்சியாகும். அவ்வாறு செய்யும்போது எவ்விடத்தில் இணை உண்டு, எவ்விடத்தில் விளக்கமே வேண்டும் என்பதை அவர்களே கண்டறிவர். 'வயிறு எரிகிறது' என்னும் தொடரை மொழிபெயர்க்க நேரும் ஒருவர், பெயர்ப்பதற்கு முன் 'ஏம்மா, என்ன ஆச்சு?' என்று கேட்கக் கற்றுக்கொண்டால் அப்பயிற்சி தன் பயனை அடைந்ததாகக் கொள்ளலாம்.