எந்த அசோகின் பட்டை?

திருவண்ணாமலை போன்ற ஊர்களில் நாட்டு மருந்துக் கடையில் அசோகப்பட்டை கேட்டால், காய்ந்த பட்டைத் துண்டுகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். மாதவிலக்கில் உதிரம் மிகுதியாகப் போவதைச் சித்த மருத்துவம் ‘பெரும்பாடு’ என்கிறது. அதற்கு இப்பட்டையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது நெடுங்கால வழக்கம். ஆயுர்வேதத்தின் அசோகாரிஷ்டத்திற்கும் இதுவே மூலப்பொருள்.

ஆனால் பொட்டலத்தில் இருப்பது எந்த மரத்தின் பட்டை?

உங்கள் கல்லூரி வாசலில் கோபுரம்போல் நெட்டென்று நிற்கும் மரத்தை அசோகமரம் என்றுதானே சொல்லி வருகிறீர்கள்? அது நெட்டிலிங்கம், சீத்தாமரத்தின் உறவு. இலைகள் தனித்தனியானவை, ஓரம் நெளிநெளியாக இருக்கும். பூக்கள் வெளிர்பச்சை. சீதை சிறையிருந்த வனத்திற்குப் பெயர் தந்த அசோகு வேறு. அது புளியமரத்தின் உறவு. ஒரே காம்பில் நான்கு முதல் ஆறு ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இலையைப் பார்த்தால் பள்ளி மாணவர்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவார். உரித்துக் காயவைத்த பட்டையில்தான் சிக்கல். மருந்துக்குத் தேவை ஏராளம். காட்டிலோ அசோகு அருகிவிட்டது. ஆகவே நெட்டிலிங்கப் பட்டை அதன் பெயரில் விற்பனைக்கு வருகிறது. நுண்ணோக்கியும் வேதியியல் சோதனையும் இரண்டையும் பிரித்துக் காட்டும். கண்ணுக்கு அது எளிதல்ல.

சரி, பட்டை அசலாகவே இருக்கட்டும். ஒரு சிறு கணக்குப் போடுவோம் (இயற்பியல் ஆசிரியனுக்குக் கணக்கில்லாமல் முடியாது!). ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டருக்குமேல் இரத்தம் போனால் அது மிகுதி. அதாவது 40 மில்லிகிராம் இரும்பு இழப்பு. உணவிலிருந்து உடல் ஈர்த்துக்கொள்வதோ நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். பாக்கி அடைவதற்குள் அடுத்த மாதவிலக்கு வந்துவிடும். மாதாமாதம் கடன் ஏறும், இரத்தசோகை வரும்.

அசோகப்பட்டையின் துவர்ப்புக்குக் காரணம் டானின். தேநீரில் உள்ள டானினைப் போலவே, உணவோடு சேர்ந்தால் இரும்பு ஈர்க்கப்படுவதை இது குறைக்கக்கூடும். விலங்குகளின் கருப்பைத் தசையில் பட்டைச் சாற்றைச் சோதித்திருக்கிறார்கள். பெண்களிடம் முறையாக ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளோ மிகக் குறைவு.

மிகை உதிரப்போக்குக்குக் கருப்பைக் கட்டி, தைராய்டு கோளாறு, இரத்தம் உறையாமை, சில வேளை புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். எது என்று பட்டைக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து ஹீமோகுளோபினை அளந்துவிடலாம். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 100 மில்லிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை.