மன்னார் மைதானமும் பல்கலைக்கழக அணியும்

உதைபந்தாட்டத்தில் பெயர்பெற்ற மன்னாரில் பல்கலைக்கழகம் இல்லை. அதனால் அதன் வீரர்கள் வெளியூர்ப் பல்கலைக்கழக அணிகளிலேயே ஆட வேண்டியுள்ளது. வடக்கில் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. அதன்கீழ் இயங்கிய வவுனியா வளாகமும் 2021இல் அந்நிலையை அடைந்தது.

எனினும், பல்கலைக்கழக அணிக்கான வீரர்கள் உருவாவது பாடசாலை, கிராம மைதானங்களில்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்து, புத்தளத்தில் அகதிகளாயினர். ஒரே ஊரின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் வெவ்வேறு மைதானங்களில் வளர்ந்தனர்.

மீள்குடியேற்றம் வீடுகளோடு நிறைவுறுவதில்லை. இரு சமூகச் சிறுவர்களும் பாடசாலைக் காலத்திலேயே ஓரணியாக வேண்டும். அப்போதுதான் பல்கலைக்கழக மைதானத்திலும் ஒருவரையொருவர் நம்பிப் பந்தைக் கொடுப்பார்கள்.