பதினைந்து நாள் சந்தை, பன்னிரண்டு மாத வயிறு

தில்லியில் நல்ல முருங்கைக்காய் வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகச் சொல்வார்கள், தலைநகரில் குடியேறிவிட்ட தமிழர்களும் மலையாளிகளும். கறிவேப்பிலை, நேந்திரங்காய், கருவாடு, வாழை இலை எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கத்துக் கடையிலேயே காளானும் பிராக்கோலியும் வெளிநாட்டுச் சீஸும் இருக்கும். தூதரகச் சமையல்காரர்களும் கரோல் பாக் மாமிகளும் ஒரே தராசின் முன் நிற்கும் சந்தை அது. விலை மட்டும் ஊர் நினைவைத் தராது. தேனோ புளியோ வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் அதைக் காட்டிலிருந்து கொண்டுவந்தவருக்கு எவ்வளவு போகிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்கு முன்னால் நாலைந்து கை மாறியிருக்கும்.

அரவிந்தர் மார்க்கைக் கடந்தால் எதிர்ப்புறம் தில்லி ஹாட். மூடப்பட்ட ஒரு கழிவுநீர் ஓடையின் மேல் 1994-ல் எழுந்தது. செய்தவரே விற்க வேண்டும், இடைத்தரகர் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். கைவினைஞர் அடையாள அட்டை உள்ளவர்களுக்குச் சுழற்சி முறையில் 15 நாள் கடை. பிறகு அடுத்தவர் வருவார். எண்ணம் நல்லதுதான். ஆனால் தேன், நெல்லி, சீயக்காய், கடுக்காய் விற்பவர் கைவினைஞர் இல்லையே. அவர்களுக்குப் பழங்குடியினர் கூட்டுறவு விற்பனை இணையமான டிரைஃபெட் நடத்தும் 'ஆதி மகோத்சவம்' போன்ற கண்காட்சிகள்தான் வாசல். 2017 நவம்பரில் இந்த விழா தில்லி ஹாட்டில் நடந்தது. அதன் பின்னும் பலமுறை நடந்திருக்கிறது. கூட்டம் அலைமோதும், சரக்கு தீரும். விழா முடிந்து ரயிலேறியவருக்கு அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும்? சிறு வேளாண், வனத் தொழில்களுக்கு அரசு ஒதுக்கும் கோடிகளை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்.

முதலில் ஒரு மொழிபெயர்ப்புச் சங்கடம். தேனையும் புளியையும் மூங்கிலையும் அரசு ஆவணங்கள் 'சிறு வன மகசூல்' என்கின்றன. மரம்தான் பெரியது, மற்றதெல்லாம் சிறியது என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. காட்டோரக் குடும்பத்துக்கு வருடத்தில் சில மாதம் கைக்காசு வருவதே இந்தச் 'சிறு' பொருளில்தான். 2006-ன் வன உரிமைச் சட்டம் அதைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமையை வனவாசிகளுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டம் வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டு, 2016-ல்தான் வழி திறந்தது. உரிமை காகிதத்தில் இருந்து, பொருள் வியாபாரி கையில் இருந்தால் மானியம் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

2013-14-ல் மத்திய அரசு சிறு வனப் பொருட்களுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை கொண்டுவந்தது. 2020-ல் அந்த விலைகள் திருத்தப்பட்டபோது உலர்ந்த மகுவாப் பூவின் விலை கிலோ ரூ. 17-லிருந்து ரூ. 30 ஆனது. மகுவா நம் ஊர் இலுப்பையின் இனம். விதையோடு கூடிய புளி கிலோ ரூ. 31-லிருந்து ரூ. 36 ஆயிற்று. விதை நீக்கிய புளிக்குத் தனியாக, அதைவிடக் கணிசமாக உயர்ந்த விலை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் விதை நீக்கும் வேலை வாரச்சந்தை வியாபாரியிடம் கணக்கில் வருவதே இல்லை.

அந்த வேலையைத் தொழிலாக்குவதற்கென்று வந்தது வன் தன் திட்டம். முதல் மையம் 2018 ஏப்ரல் 14-ல் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் தொடங்கப்பட்டது. சுமார் 300 சேகரிப்பாளர்கள், சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்து ஒரு மையம். ஒரு மையத்துக்கு ரூ. 15 லட்சம். நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களுக்கு ஒப்புதல் தரப்பட்டது. தொகை பெரிதாகத் தெரிகிறது. 300 பேருக்கு வகுத்துப் பார்த்தால் தலைக்கு ரூ. 5,000. பயிற்சி, கருவி, கட்டு, லேபிள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அறுவடைக் காலத்தில் உறுப்பினரிடம் ரொக்கம் கொடுத்துப் பொருளை வாங்கி வைக்கப் பணம் மிஞ்சுவது அரிது. வியாபாரியோ அன்றைக்கே காசு கொடுக்கிறார்.

இதை நிதானமாகச் செய்து காட்டிய ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீஸ்டோன் அமைப்பு 1993-ல் பிறந்தது. பாறை விளிம்புகளில் கயிற்றேணி கட்டி இறங்கி மலைத்தேன் எடுக்கும் குறும்பர்கள் முதலான பழங்குடியினரோடு அது வேலை தொடங்கியது. 2013-ல் பழங்குடியினரே உரிமையாளர்களாக 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' உருவாயிற்று. 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தபோது சுமார் 1,700 உறுப்பினர்கள், 147 கிராமங்கள். தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். முதல் வேலைக்கும் சொந்த நிறுவனத்துக்கும் நடுவே 20 ஆண்டுகள். அந்த இருபதாண்டுக் கற்றலை இரண்டு நிதியாண்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கும் திட்டங்கள் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

அப்படி என்ன கற்க வேண்டியிருக்கிறது? தேனையே எடுத்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதத்துக்கு மேல் போகக் கூடாது. மழைக் காற்றில் எடுத்த, இன்னும் மூடப்படாத அறைகளின் தேனில் அது எளிதாகக் கூடிவிடும், சீசா நுரைக்கும். தில்லிக் கடைக்காரர் ஒருமுறை திருப்பி அனுப்பினால் அத்தோடு உறவு முடிந்தது. மூடிய அறைகளை மட்டும் அறுப்பது, கையால் பிழியாமல் வடிய விடுவது, ஈரமானியில் பார்ப்பது, தொகுதி எண் எழுதி வைப்பது எல்லாம் பத்து வகுப்பில் கற்கக்கூடியவை. பெரிய இயந்திரம் எதுவும் இதற்கு வேண்டாம். ஆனால் மானியம் என்றதும் இயந்திரப் பட்டியல்தான் முதலில் நீட்டப்படுகிறது.

கற்றுக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் அமைந்தது. இன்று அநேகமாக எல்லா மாவட்டத்திலும் ஒன்று உண்டு. அவற்றின் குறுகியகாலப் பயிற்சிகளுக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஈர நெல்லைக் காப்பாற்றும் ஆய்வுக்கூடமாக 1960-களில் வேர்விட்ட தஞ்சாவூர் நிறுவனம், 2021 சட்டத்துக்குப் பின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. வேளாண் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும் 2002-ல் தொடங்கிய அக்ரி கிளினிக் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சி, அதன்பின் கடனுக்கு மானியம். வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையங்களுக்கு முன்மாதிரி, 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கியது. அங்கே பயிற்சியும் இலவசம், தங்குமிடமும் இலவசம்.

இனிப் பணம். ஊறுகாய், புளி வில்லை, சிறுதானிய மாவு போன்ற குறு உணவுத் தொழில்களுக்கு 2020-ல் ரூ. 10,000 கோடி மதிப்பீட்டில் வந்தது, பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களை முறைப்படுத்தும் திட்டம். தகுதியான செலவில் 35 சதம் மானியம், உச்சவரம்பு ரூ. 10 லட்சம். இதைக் கேட்டு வங்கிக்கு ஓடுபவர்கள் அங்கே சந்திக்கும் விஷயம் வேறு. பணம் கைக்கு வராது. ரூ. 10 லட்சத்தில் கொட்டகையும் இயந்திரமும் என்றால், சொந்தப் பணம் குறைந்தது ஒரு லட்சம், வங்கிக் கடன் ஒன்பது லட்சம். மானியம் மூன்றரை லட்சம் வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும். அதற்குப் பெயரே 'மிரர் அக்கவுன்ட்'. கண்ணாடிக் கணக்கு என்று தமிழாக்கினால் பொருந்தித்தான் போகிறது, பார்க்கலாம், தொட முடியாது! அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. ஐந்தரை லட்சத்துக்குத்தான் வட்டி ஓடும். மூன்றாண்டு தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால் மானியம் கடனில் கழியும். இடையில் கடன் வாராக்கடனானால் மானியத்தை வங்கி கடனுக்கு ஈடுகட்டிக்கொள்ளும், மீதிக் கடன் தலைமேல் நிற்கும். ஆகவே விற்பனைக்கு வழி தெரியாமல் மானியத்தை நம்பிப் பெரிய இயந்திரம் வாங்குவது தற்கொலைக்குச் சமம்.

சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இதே திட்டத்தின் இன்னொரு பகுதி அதிகம் பொருந்தும் என்று தோன்றுகிறது. உணவுத் தொழிலில் இருக்கும் உறுப்பினருக்குத் தலா ரூ. 40,000 தொடக்க மூலதனம். சரக்கு வாங்கவும் சிறு கருவிகளுக்கும். கூட்டமைப்பு வழியாகக் கடனாக வரும், திருப்பிக் கட்டினால் குழுவுக்குள்ளேயே சுற்றும். இயந்திரத்துக்கு 35 சதம் என்ற அறிவிப்பு பெற்ற விளம்பரத்தில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பத்து ஊர் சேர்ந்தால் வேறொரு கதவு. 2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு ரூ. 18 லட்சம் வரை, உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாகத் தலைக்கு ரூ. 2,000 வரை. சமவெளியில் 300 உறுப்பினர்கள் வேண்டும், மலைப்பகுதியில் 100 போதும். மூன்றாண்டுக்குப் பிறகு தலைமை அதிகாரியின் சம்பளத்தை யார் தருவது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடும் சங்கங்கள் தாக்குப்பிடிக்கும்.

இத்திட்டங்களின் காலம் நிதியாண்டைப் பொறுத்து நீட்டிக்கப்படுவதும் முடிவதும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்திலோ வேளாண் வணிகத் துறை அலுவலகத்திலோ நேரில் கேட்டுவிட வேண்டும். அங்கே தரகர்கள் சுற்றுவார்கள், திட்ட அறிக்கை எழுதித் தரச் சதவீதம் கேட்பார்கள். உணவுத் தொழில் திட்டத்தில் அந்த வேலைக்கென்றே மாவட்ட வள நபர்கள் நியமிக்கப்பட்டார்கள். அறிக்கை தயாரிப்பது முதல் பதிவு எண் வாங்கித் தருவது வரை அவர்கள் பொறுப்பு. கடன் ஒப்புதலான ஒவ்வொரு தொழிலுக்கும் ரூ. 20,000 அவர்களுக்கு அரசே தரும் என்கிறது திட்ட விதி. விண்ணப்பதாரர் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அந்த நபர் யார், எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.