உங்களுக்குத் தெரியுமா? கூரைமேல் நின்ற போலீஸ்காரர்

ஸ்வீடனின் போலீஸ் படங்களுக்குப் புதுப் பாதை போட்ட படம் 1976-ல் வந்தது. பெயர் ‘மன்னன் போ டாக்கெட்’, அதாவது ‘கூரைமேல் இருக்கும் மனிதன்’. இயக்கியவர் போ வீடர்பெரி. ஸ்டாக்ஹோம் மருத்துவமனை ஒன்றில் படுத்திருக்கும் மூத்த போலீஸ் அதிகாரி நீமன், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறார். விசாரிக்க வருபவர் மார்ட்டின் பெக். கொன்றது யார் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். சில மணி நேரத்திலேயே, செத்தவர் உயிரோடு இருந்தபோது என்னவெல்லாம் செய்தார் என்று கேட்க வேண்டியதாகிறது.

கொலையாளியும் ஒரு போலீஸ்காரர்தான் என்பது தெரியுமா? எரிக்சன் என்ற அவர் நீமனுக்குக் கீழே வேலை பார்த்தவர். அவருடைய மனைவிக்கு நீரிழிவு நோய். ஒருநாள் வெளியே போன இடத்தில் மயங்குகிறார். குடிபோதை என்று நினைத்து, நீமனின் ஆட்கள் அவரைத் தூக்கி லாக்கப்பில் போடுகிறார்கள். இன்சுலின் கிடைக்காமல் அந்தப் பெண் அங்கேயே செத்துப்போகிறார். புகார் கொடுத்த கணவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. வேலை போகிறது, கடைசியில் மகளையும் அவரிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் அவர் துப்பாக்கிகளோடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கூரையில் ஏறி, கீழே வரும் போலீஸ்காரர்களைக் குறிவைத்துச் சுடுகிறார். அவர் செய்ததைப் படம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் அங்கே போய் நிற்க எத்தனை பேர் காரணம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிறது.

இந்தப் படத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது துப்பாக்கிச் சண்டை அல்ல, காகிதக் கட்டுகள். அரசு அலுவலர்கள் தவறு செய்தால் குடிமக்கள் முறையிடுவதற்கென்றே ஸ்வீடன் 1809-ல் நாடாளுமன்ற ஒம்புட்ஸ்மன் என்ற பதவியை உருவாக்கியது. உலகின் பல நாடுகள் பிற்பாடு பின்பற்றிய ஏற்பாடு அது. கதையில் நீமன்மீது வந்த புகார்கள் அந்த அலுவலகத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அடித்தார், மிரட்டினார், காரணமில்லாமல் அடைத்துவைத்தார் என்று ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரின் அனுபவம். புகார் வரும், போலீஸிடம் விளக்கம் கேட்பார்கள், உடன் இருந்த காவலர்கள் ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று ஒரே குரலில் சொல்வார்கள், கோப்பை மூடிவிடுவார்கள். சட்டப்படி எந்த இடத்திலும் பிசகு இல்லை. நீமன் கொலையான பிறகு, கொலையாளியைத் தேடும் போலீஸே அந்தக் கோப்புகளைத் தூசி தட்டிப் படிக்கிறது. முன்பே ஒருவர் அக்கறையோடு படித்திருந்தால் இவ்வளவு உயிர்கள் போயிருக்காது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

நீமனின் சகாக்களும் இப்படித்தான். அவர் எப்படிப்பட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். பெக்கின் கூட்டாளி கோல்பெரி ராணுவத்தில் அவரிடம் பயிற்சி பெற்றவர். அந்த ஆளின் குரூரத்தை நேரில் பார்த்தவர். தெரிந்தும் வெளியே யாரும் பேசவில்லை.

படத்தின் மூலம் 1971-ல் வந்த நாவல். எழுதியவர்கள் மாய் ஷோவால், பேர் வாலோ என்ற இணையர். 1965 முதல் 1975 வரை மார்ட்டின் பெக்கை வைத்துப் பத்து நாவல்கள், இது ஏழாவது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்கள். ஒவ்வொரு நாவலிலும் முப்பது அத்தியாயங்கள். பத்துக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பொதுப்பெயர் ‘ஒரு குற்றத்தின் நாவல்’. அவர்கள் சொன்ன அந்தக் குற்றம், மக்கள்நல அரசு தன் மக்களையே கைவிட்டது. இருவரும் இடதுசாரிகள். 1965-ல் ஸ்வீடனின் உள்ளூர்ப் போலீஸ் படைகளை எல்லாம் ஒரே தேசியப் போலீஸாக இணைத்ததை அவர்கள் கடைசிவரை ஏற்கவில்லை. வாலோ 1975-ல் காலமானார், ஷோவால் 2020-ல்.

மார்ட்டின் பெக்காக நடித்த கார்ல்-குஸ்தாவ் லிண்ட்ஸ்டெட் நகைச்சுவை நடிகர்! ஸ்வீடன் மக்கள் அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்தே பழகியிருந்தார்கள். சோர்ந்த முகமும் கனத்த உடம்புமாக அவர் நடந்து வரும்போது, பல வருடம் தூக்கம் கெட்ட ஒரு போலீஸ்காரரையே பார்ப்பதுபோல் இருக்கும். இந்தத் தேர்வுக்கே வீடர்பெரியைப் பாராட்ட வேண்டும்.

கூரைமேல் இருப்பவரைப் பிடிக்க வரும் ஹெலிகாப்டர், ஸ்டாக்ஹோமின் ஊடன்பிளான் சதுக்கத்தில் ஜனங்களுக்கு நடுவே விழுந்து நொறுங்கும். மேசைமேல் வைத்த பொம்மை அல்ல அது. நிஜ சதுக்கத்தில் நிஜ அளவு ஹெலிகாப்டர் கூட்டை விழவைத்து எடுத்தார்கள். இன்றும் அந்தச் சதுக்கத்தின் சுரங்க ரயில் நிலைய வாசலைக் கடக்கும் சினிமா ரசிகர்கள் ஒரு கணம் மேலே பார்க்காமல் இருக்க முடியாது.

சிறந்த படத்துக்கான ஸ்வீடனின் குல்ட்பாகே விருது இந்தப் படத்துக்குத்தான். ரோன் என்ற துப்பறிவாளராக நடித்த ஹோக்கன் சேர்னருக்குச் சிறந்த நடிகர் விருது.

மார்ட்டின் பெக் வரிசையின் ‘சிரிக்கும் போலீஸ்காரன்’ நாவலை ஹாலிவுட் 1973-ல் படமாக்கியபோது, கதையை ஸ்டாக்ஹோமிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கே மாற்றிவிட்டது. நடித்தவர் வால்டர் மத்தாவ்.

வீடர்பெரிக்கு அதிகாரத்தின்மீதான கோபம் புதிதல்ல. 1931-ல் ஒடாலென் பள்ளத்தாக்கில் வேலைநிறுத்த ஊர்வலத்தின்மீது ராணுவம் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அதை அவர் 1969-லேயே ‘ஒடாலென் 31’ என்று படமாக்கி, கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியிருந்தார்.

1984-ல் இன்னும் மேலே போனார். ‘மயோர்காவிலிருந்து வந்தவன்’ படத்தில், லூசியா திருநாளன்று ஸ்டாக்ஹோம் தபால் நிலையம் ஒன்று கொள்ளை போகிறது. துரத்தும் இரண்டு போலீஸ்காரர்களுக்குக் கிடைக்கும் தடயங்கள் ரகசியப் போலீஸ் வழியாக நீதி அமைச்சர்வரை நீள்கின்றன. வழக்கை மேலிடம் அமுக்குகிறது. கூரைப் படத்தில் கோல்பெரியாக நடித்த ஸ்வென் வோல்டர்தான் இங்கும் ஒரு போலீஸ்காரர்.

இந்த மயோர்கா படத்தின் மூல நாவலை எழுதிய லெய்ஃப் பெர்சன், தேசியப் போலீஸ் வாரியத்தில் வேலை பார்த்த குற்றவியலாளர். நீதி அமைச்சர் ஒருவரைப் பற்றி ரகசியக் குறிப்பு ஒன்று உண்டு என்று 1977-ல் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. அது மறுக்கப்பட்டது; நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. அந்தக் குறிப்பு இருப்பதைப் பத்திரிகையாளரிடம் உறுதிசெய்த பெர்சன் வேலையை இழந்தார். அடுத்த ஆண்டே நாவல் வந்தது. குறிப்பு இருந்தது உண்மைதான் என்று பிற்பாடு வெளிவந்தது. அதே போலீஸ் வாரியத்தில் பெர்சன் பின்னாளில் குற்றவியல் பேராசிரியரானார்.