மழை பொய்த்தால் கப்பலும் நிற்கும்

“ஏம்மா, கடல் வத்துமா என்ன? மழை இல்லன்னா கப்பல் ஏன் நிக்கணும்?”

காலை நிகழ்ச்சியில் பனாமா கால்வாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அடுத்த பாடலுக்கு ஒரு நிமிடமே இருந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மனம் கேட்கவில்லை. மாலையில் சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, மாரியம்மன் கோயிலைத் தாண்டி சிங்கப்பூர் ஆற்றங்கரைவரை நடந்தேன்.

சைனாடவுனின் பழைய பெயர் ‘கிரேத்தா ஆயர்’. மலாயில் தண்ணீர் வண்டி என்று பொருள். மாட்டு வண்டியில் தண்ணீர் வந்த காலத்தின் நினைவு அது. ஆற்றில் அன்று சரக்குப் படகுகள் நெருக்கியடித்து நின்றன. தொடக்க காலத்தில் அவற்றை ஓட்டியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். 1869ல் கட்டிய கெவனா பாலம் தாழ்வானது. நீர் ஏறினால் படகு அடியில் நுழையாது. வற்றினால் சேற்றில் தட்டும். வணிகமே நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் நடந்தது.

பெரியவரின் கேள்விக்கான பதிலும் அதுதான். பனாமா கால்வாயில் கடல் நீர் ஓடவில்லை. கப்பல்கள் நீரடைப்புகள் வழியே 26 மீட்டர் உயரம் ஏறி, காட்டுன் என்ற நன்னீர் ஏரியைக் கடந்து, மறுபுறம் இறங்குகின்றன. ஒரு கப்பல் கடந்துபோக ஏறத்தாழ 200 மில்லியன் லிட்டர் ஏரி நீர் கடலில் கலக்கிறது. அதை ஈடுகட்ட வேண்டியது மழை மட்டுமே.

2023ல் எல் நினோவால் மழை பொய்த்தது. நாளுக்கு 36 கப்பல்கள் போன இடத்தில், டிசம்பரில் 22 மட்டுமே போயின. கப்பலின் அடிப்பகுதி நீரில் அமிழ அனுமதித்த ஆழமும் 50 அடியிலிருந்து 44 அடியாகக் குறைந்தது. அதனால் பெரிய கப்பல்கள் சரக்கைக் குறைத்து ஏற்றின. வரிசையில் முந்திச் செல்ல நடந்த ஏலத்தில் ஒரு நிறுவனம் கிட்டத்தட்ட 4 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது. ஐரோப்பாவின் ரைன் நதியிலும் 2022 கோடையில் சரக்குப் படகுகள் அரைகுறைச் சுமையோடு ஓடின.

‘நமக்கென்ன’ என்று இருந்துவிட முடியாது. 2024ல் நம் துறைமுகம், 20 அடிப் பெட்டிகளாகக் கணக்கிட்டால், 41 மில்லியனுக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டது. அவற்றில் பெரும்பகுதி கப்பல் மாறி வேறு நாடுகளுக்குப் போகிறவை. எங்கோ ஒரு வழி அடைபட்டால் கப்பல்களின் கால அட்டவணை குலைகிறது. கூடும் செலவில் ஒரு பங்கு கடைசியில் கடைக்காரரின் விலைப்பட்டியலுக்கு வந்துசேர்கிறது.

ஆற்றங்கரையில் வேறொன்றும் தோன்றியது. 1983ல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாறின. 2008ல் மரினா அணைக்கட்டு வந்தபின் இந்த ஆறு நமக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தின் பகுதியானது. கப்பலுக்குக் கடல், குடிப்பதற்கு ஆறு என்று நம்மால் பிரித்துக்கொள்ள முடிந்தது. பனாமாவில் முடியவில்லை. அந்நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குடிப்பதும் கப்பல்களுக்கு விடும் அதே நீரைத்தான். இந்தியோ ஆற்றில் புது அணை கட்டத் திட்டமிட்டுள்ளார்கள். அதற்காக ஆற்றோரக் கிராமத்தினர் சுமார் 2,000 பேர் வீடு, நிலத்தை விட்டுப் பெயர வேண்டியிருக்கும்.

2024ல் மழை திரும்பியது. கால்வாயும் பழைய நிலைக்கு வந்தது. பெரியவர் மறுபடி அழைத்தால் இம்முறை பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு இதையெல்லாம் சொல்வேன்.