பனி ஏரியில் வாழும் நுண்ணுயிர்

சித்திரை வெயிலில் நம் பரளச்சிப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றி, தரை பாளம் பாளமாய் வெடித்துக் கிடப்பதைக் காண்கிறோம். உலகின் தென்கோடியிலோ நீர் கண்முன்னே கிடந்தும் உயிர்கள் வாழ்வது அரிது. ஏனெனில் அங்கே நீர் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கிறது. அதுவே அண்டார்க்டிகா. அங்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது வியப்பன்றோ?

டாக்டர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் இந்தியக் குழு, 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவை அடைந்தது. 1989-இல் ஷிர்மேக்கர் பாலைவனச்சோலையில் நமது மைத்ரி நிலையம் எழுந்தது. சோலை என்றால் மரங்கள் இருக்கும் என எண்ண வேண்டாம். பனி மூடாத பாறை நிலத்திற்கே அங்கு அப்பெயர். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. மைத்ரிக்கு நீர் தருவது பிரியதர்ஷினி ஏரி. குளிர்காலத்தில் அதன் மேற்பரப்பு உறைந்துவிடும். அடியில் நீர் இருக்கும்.

இச்சோலையின் ஏரிகளிலும் மண்ணிலும் பாக்டீரியாக்கள் உண்டு. மண்ணிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் வகைகளை ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தார் ஆராய்ந்தனர். குளிர் ஓர் உயிரணுவுக்கு இரண்டு தீங்குகளைச் செய்கிறது.

முதலாவது, உயிரணுவின் மேலுறை விறைத்துப் போகும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. காரணம், இரண்டிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் வேறு. குளிர்நாட்டு பாக்டீரியாக்கள் எளிதில் உறையாத கொழுப்பைத் தம் மேலுறையில் மிகுதியாகச் சேர்த்து, அதை இளக்கமாக வைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது தீங்கு இன்னும் பெரிது. கடுங்குளிரில் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழை அறுந்துபோகிறது. அறுந்ததைச் செப்பனிட 'ரெக்-பி-சி-டி' என்னும் மூன்று பாகங்கள் கொண்ட நொதி உதவுகிறது. அதற்குரிய மரபணுக்களை நீக்கிப் பார்த்தனர். 22 டிகிரி செல்சியஸில் பாக்டீரியா பெருகியது. 4 டிகிரியிலோ டி.என்.ஏ. துண்டுபட்டு, உயிரணுக்கள் மடிந்தன! இம்முடிவு 2010-இல் வெளியாயிற்று.

நம் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியாவிடமும் இதே நொதி உண்டு. அது மூன்றில் ஒரு பாகம் இல்லாமலே செப்பனிட்டுக்கொள்ளும். அண்டார்க்டிகா பாக்டீரியாவுக்கோ மூன்று பாகங்களும் வேண்டும். ஒரே கருவி, ஆனால் வாழும் இடத்திற்கேற்ப அதன் பயன் வேறுபட்டிருக்கிறது.

இம்மாற்றங்கள் எவ்வாறு வந்தன? பாக்டீரியா தானே முயன்று தன் மரபணுக்களைத் திருத்திக்கொள்ளவில்லை. ஒன்று இரண்டாகப் பிரியும்போது மரபணுவில் சிறு மாற்றங்கள் தற்செயலாய் நேர்கின்றன. அவற்றுள் குளிருக்கு உதவியவற்றைப் பெற்றவை பிழைத்துப் பெருகின, மற்றவை அழிந்தன. எண்ணற்ற தலைமுறைகளாக நடந்த தேர்வு இது.

வெடித்துக் கிடக்கும் நம் கண்மாய் மண்ணையும் வெறும் மண் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கும் சில பாக்டீரியாக்கள் கடின உறைக்குள் வித்துகளாய் உறங்கி, மழைக்குக் காத்திருக்கின்றன. மாணவியரே! குளிரைத் தாங்கும் உயிரை ஆராய நம்மவர் அண்டார்க்டிகா வரை சென்றனர். வறட்சியைத் தாங்கும் உயிரை ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.